காரைவிட்டு இறங்காத கிராணி

1

இந்தக் கதை ஒரு கல்யாண வீட்டு வாசலில் கிடைத்தது. பெரியவர் ஒருவர், "என்னை யாரும் வாங்கன்னு சொல்லல" என்று செருப்பைக் கழற்றாமலே திரும்பிப் போனார். சொல்ல வேண்டியவர் அந்த நேரம் சாம்பார் வாளியோடு பந்தியில் ஓடிக்கொண்டிருந்தார். நம் ஆட்கள் பசி தாங்குவார்கள்; இதைத் தாங்க மாட்டார்கள்.

அவரை அப்படியே எழுத முடியாது. கதை படிக்கிறவர். ஆகவே அவரைக் காலத்தில் பின்னுக்குத் தள்ளி, ரப்பர் விலை விழுந்து தோட்டங்கள் ஆட்களை இந்தியாவுக்குக் கப்பலேற்றிய வருஷத்து மலாயாவில், ஜொகூரில் இறக்கிவிட்டேன். பெயர் வீரமுத்து. ரெங்கம் பக்கத்துத் தோட்டத்தில் ஆபீஸ் கிராணி, அதாவது குமாஸ்தா. வெள்ளைக்காரத் துரைக்குக் கீழே, மற்ற எல்லோருக்கும் மேலே என்று தன்னைப் பற்றி அவருக்கு நினைப்பு.

2

முதல் தொடக்கம்: "தீபாவளி அதிகாலையில், பனி மூடிய ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒரு கார் தங்கத் தேர்போல—"

வேண்டாம். அந்தச் சாலையில் தங்கத் தேரும் சேற்றில்தான் நிற்கும்.

இரண்டாவது: "அங்கம்மா அழுதாள்."

தேவலை. ஆனால் காரணம் சொல்லாமல் ஒரு பெண்ணை முதல் வரியிலேயே அழவைப்பது சோம்பேறி வேலை. காரணம் இது. அங்கம்மா, கிராணியின் மனைவி. அவளுடைய ஒரே தங்கை கிருஷ்ணம்மா பொந்தியானில் இருந்தாள். தங்கை புருஷன் அர்ச்சுனனுக்கு வேலை போய்விட்டது. தீபாவளிக்கு மறுநாள் குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேறுகிறார்கள். அப்புறம் அக்காளும் தங்கையும் பார்த்துக்கொள்வது நடக்காது. 'தீபாவளிக்கு எல்லாரும் சேர்ந்திருக்கலாம், வாங்க' என்று தங்கை யாரையோ கடிதம் எழுதச் சொல்லி அனுப்பியிருந்தாள்.

பஸ்ஸில் போயிருக்கலாம். "கிராணி பஸ்ல வந்து எறங்குனான்னு ஊர்ல போய்ச் சிரிப்பானுங்க" என்று வீரமுத்து வாடகைக்குக் கார் பிடித்தார். டிரைவர் உசேன், மலாய்க்காரன்.

3

வீரமுத்து கோட்டுப் போட்டு முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். பின்சீட்டில் அங்கம்மா, மடியில் முறுக்கு டின்.

"கார் சத்தம் கேட்டதும் சகலை ஓடியாருவான் பாரு. கதவத் தொறந்து வாங்கண்ணேம்பான்."

"வேல போன மனுசன். மனசு எப்பிடி இருக்கோ. நாமளே எறங்கிப் போயிருவோங்க."

"கூப்பிடாத வீட்டுல நொழைய நா என்ன நாயா?"

"கூப்பிட்டதாலதானே போறோம்!"

"அது கடுதாசியில. வாசல்ல கூப்பிடணும்."

[இங்கே அன்னாசித் தோட்டங்களை வருணித்து இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். பாதி வழியில் கிராணி தூங்கிவிட்டார். அவரே பார்க்காததை நீங்கள் எதற்குப் பார்க்க வேண்டும்? எடுத்துவிட்டேன்.]

4

கார் நின்றது. வீரமுத்து கையை நீட்டி ஹாரனை அமுக்கினார். தலையில் எண்ணெய் வழிய கிருஷ்ணம்மா ஓடிவந்தாள்.

"அக்கா! வாக்கா! அத்தான், வாங்க!"

வீரமுத்து நேரே பார்த்தார்.

"வாங்க அத்தான், எறங்குங்க. அக்கா, வாயேன்!"

"வீட்டுல ஆம்பள இல்லியா?"*

உள்ளே, கட்டி வைத்த டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்த அர்ச்சுனனின் குரல் வந்தது. "இருக்கான். வேல போனவன் வீட்டு வாசல்ல வந்து ஹாரன் அடிக்கிறாரு, நா ஓடியாந்து கதவத் தொறக்கணுமா? துரைக்குத் தொறந்ததோட போதும். எறங்கி வரட்டும், வாங்கன்னு சொல்றேன்."

"சொல்லட்டும், எறங்குறேன்."

"அலமாக், கிராணி! துருன்லா!" என்றான் உசேன். இறங்கித் தொலையுங்கள் என்று பொருள். அதையும் கிராணி அழைப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

"அக்கா, நீயாச்சும் வாக்கா..."

அங்கம்மா அசைந்தாள்.

"நீ எறங்குனா இங்கயே இருந்துக்க" என்றார் வீரமுத்து, திரும்பாமலே. "நா வண்டியத் திருப்பிருவேன்."

* பெண்பிள்ளை சொல்லும் 'வாங்க' செல்லாது. இதை யாரும் எங்கும் எழுதிவைக்கவில்லை. எழுதியிருந்தால் யாராவது மீறியிருப்பார்கள்.

5

இங்கே கதை நின்றுவிட்டது. நான் நாற்காலியில், அவர் காரில். பல நாள் இருவரும் பேசவில்லை. பிறகு சில முடிவுகளை முயன்று பார்த்தேன்.

அர்ச்சுனன் மனம் இளகி வெளியே வந்தான், சகலைகள் இருவரும் கட்டிப்பிடித்து— பேனா நகரவில்லை. அர்ச்சுனன் பெட்டியைவிட்டு எழவே இல்லை.

மழை பெய்யவைத்தேன். கிராணி காரின் கூரைத் துணியை இழுத்துவிடச் சொன்னார்.

கிருஷ்ணம்மாவை மயங்கி விழவைக்கப் பார்த்தேன். ஆண்களின் பிடிவாதத்தை உடைக்க ஒரு பெண்ணைக் கீழே தள்ளுவது நம் கதைகளில் பழகிய வழி. அவள் சம்மதிக்கவில்லை. அடுப்பில் வடை கருகிக்கொண்டிருந்தது.

6

இவ்வளவு நேரமும் நான் கிராணிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவர் பார்த்த திசையையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். பின்கதவு திறந்த சத்தம் எங்கள் இருவருக்கும் ஒன்றாகத்தான் கேட்டது.

"அங்கம்மா!"

அவள் ஒரு காலைத் தரையில் வைத்துவிட்டிருந்தாள். முகத்தில் கோபம்கூட இல்லை.

"ஒங்களத்தாங்க யாரும் கூப்பிடல. என்னய மூணு தடவ கூப்பிட்டாச்சு."

முறுக்கு டின்னோடு உள்ளே போனாள்.  பிறகு இரண்டு பெண்கள் ஒரே சமயத்தில் பேசினார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு சொல்லும் விளங்கவில்லை.

"எடு வண்டிய" என்றார் வீரமுத்து.

உசேன் ஸ்டீயரிங்கில் கை வைத்தான். வண்டி கிளம்பும் வாக்கியத்தை நான் எழுதவில்லை. கிராணி என்னைப் பார்த்தார். துரையைத் தவிர வேறு யாரையும் அவர் அப்படிப் பார்த்ததில்லை. நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், இறங்கிவிடுவார். ஆனால் அந்த வீட்டுக்காரன் நானில்லை.

உங்களுக்கு இரக்கமாக இருந்தால் நீங்கள் சொல்லுங்கள். அவர் கேட்டது அந்த ஒரு சொல்தான். ஆனால் கொஞ்சம் பொறுத்துச் சொல்லுங்கள். அவர் இறங்கிய அடுத்த நிமிஷம், உள்ளே இருக்கும் அக்காளும் தங்கையும் பேச்சை நிறுத்தி எழுந்து அவருக்கு இலை போட வேண்டும்.