பல்லேடியம் போடாத குடுவை

மாலைக்குள் செய்துகாட்டாவிட்டால் கொழுந்தனுக்கு வேலை இல்லை என்று மேலாளர் சொல்லிவிட்டார். அவன் செய்துகாட்ட வேண்டியது அண்ணியின் கண்டுபிடிப்பை.

இரண்டு கார்பன் துண்டுகளை இணைக்க நடுவில் பல்லேடியம் வேண்டும், பெண் வீட்டையும் மாப்பிள்ளை வீட்டையும் பேசி முடிக்கும் தரகர் மாதிரி. அந்த உலோகமோ யானை விலை. அது இல்லாமலே அவள் இணைத்துக் காட்டினாள். கம்பெனி அவளைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது. அதையே கொழுந்தன் தன் ஆய்வக மேசையில் செய்தால் ஒன்றும் இணையவில்லை. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று அவளே நாலு பேர் முன்னால் சொல்லியிருந்தாள். வீட்டில் சாப்பிடும்போது அவன் நிமிரவே இல்லை. அப்போதுதான் அவளுக்குச் சுருக்கென்றது.

"பக்கத்துலயே நில்லுங்க அண்ணி. எங்க தப்பு பண்றேன்னு பாருங்க."

நின்றாள். எடை சரி. கரைப்பான் சரி. குடுவையிலிருந்து காற்றை விரட்டியதும் சரி. கடைசியில், கரைசலைச் சுழற்றிக் கலக்கும் காந்தத் துண்டைப் புது உறை கிழித்துப் போட்டான். வெள்ளை வெளேரென்று இருந்தது.

அவள் தன் மேசையிலிருந்த காந்தத்தை எடுத்துவந்தாள். அவளுடைய காந்தம் பழசு. எத்தனையோ பல்லேடியம் வேலைகளில் சுழன்று, மேலுறையில் கீறல் விழுந்து, கழுவினாலும் போகாத சாம்பல் நிறம் ஏறியது. புதியதை எடுத்துவிட்டு அதைப் போட்டாள்.

மதியத்துக்கு மேல், ஊதா விளக்கின் கீழ் சோதனைத் தகட்டைப் பிடித்தார்கள். துண்டுகள் இணைந்ததைக் காட்டும் பொட்டு, இதுவரை அவன் கையில் வராதது, பளிச்சென்று நின்றது. கீறல்களில் ஒட்டியிருந்த பல்லேடியம்தான் இத்தனை நாளும் இணைத்துவைத்திருக்கிறது.

கொழுந்தன் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தான்.

"இந்தக் காந்தத்தை என்கிட்டயே குடுத்துடுங்க அண்ணி. எனக்கும் வந்துடுச்சுன்னு சொல்லிடறேன். உங்க பேரும் நிக்கும், என் வேலையும் நிக்கும்."

"ஃபேக்டரில பெரிய கலன்ல செய்யறப்ப வராதே? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்க முடியுமா?"

"அது அப்புறம்தானே."

அவளுக்கு ஆசையாக இருந்தது. பொய் சொல்வானேன், ரொம்பவே ஆசையாக இருந்தது.

மேலாளர் உள்ளே வந்தார். "வந்துச்சா?"

கொழுந்தன் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "பல்லேடியம் இல்லாம வராது சார். இவன் செஞ்சதுதான் சரி. என் காந்தத்துலயே அது ஒட்டியிருந்திருக்கு. நான் பார்க்காம விட்டுட்டேன்."

மேலாளர் தகட்டைப் பார்த்தார், காந்தத்தைப் பார்த்தார். "தம்பி, நீ நாளைக்கு வழக்கம்போல வா" என்றார். பிறகு அவள் பக்கம் திரும்பாமலே, "நீங்க என் ரூமுக்கு வாங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அவள் கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டாள்.

"நானும் வர்றேன் அண்ணி."

"வேணாம். நீ வீட்டுக்குப் போ. உங்க அண்ணன்கிட்ட மட்டும் நீ முந்திக்காத. நானே சொல்லிக்கறேன்."