மாமியார் வீட்டுக் குழாய்

குழந்தைக்கு மூன்றாவது முறையாக வயிற்றுப்போக்கு வந்தபோது, தையல்காரியின் கணவன் ஒரே போடாகப் போட்டான்.

"தண்ணியக் குறை சொல்லாத. நீ பால் பாட்டில ஒழுங்கா கழுவினா ஏன் வரப்போகுது?"

அவளுக்குச் சுருக்கென்றது. பத்து மாதக் குழந்தைக்கு நாளைக்கு ஐந்து தடவை பாட்டில் கழுவுகிறவளுக்கல்லவா தெரியும்! பாலுக்கு ஊற்றும் தண்ணீரை எப்போதும் கொதிக்க வைப்பாள். பாட்டிலை அலசுவது மட்டும் குழாய்த் தண்ணீரில். தப்பு தன் கையிலா, குழாயிலா? ஊசியில் நூல் கோக்கக்கூட அவளுக்குக் கை ஓடவில்லை. குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு தண்ணீர் ஆபீசுக்கே போய்விட்டாள்.

அங்கே இருந்த ஆபரேட்டரை எல்லாரும் மஞ்சள் அண்ணன் என்பார்கள். தினமும் சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து மருந்துச் சொட்டு விடுவார். மஞ்சளாக மாறினால் குளோரின் இருக்கிறது, கிருமி அண்டாது என்று அர்த்தம். அந்த அளவை ஏட்டில் எழுதி வைப்பார்.

"எங்க தண்ணி சரியா இருக்கான்னு பாக்கணும்ண்ணே," என்றாள்.

"தாராளமா பாரும்மா," என்று ஏட்டை நீட்டினார். "மூணு வருஷம். ஒரு நாள்கூட குறைஞ்சதில்ல."

உண்மைதான். முத்து முத்தான கையெழுத்து. பொய் எழுதுகிற ஆளும் இல்லை அவர். காய்ச்சலோடுகூட வந்து சோதித்த மனிதர். ஆனால் அளவெடுத்துப் பிழைக்கிறவள் கண் சும்மா இருக்குமா? 'எடுத்த இடம்' என்ற கட்டத்தில் விரலை ஓட்டினாள். பக்கத்துக்குப் பக்கம் முதல் வீடு, முதல் வீடு, முதல் வீடு.

"இது யார் வீடுண்ணே?"

அவர் காதைச் சொறிந்தார். "மருந்து கலக்குற தொட்டிக்குப் பக்கத்துல... என் மாமியார் வீடும்மா. காலைல டீ குடிக்கப் போவேன். அப்படியே அங்கயே பிடிச்சு..."

"நல்லா இருக்குண்ணே கதை! ஊரே உங்க மாமியார் வீட்டுத் தண்ணியா குடிக்குது? எங்க வீடு கடைசித் தெருவுல கடைசி. காலர மட்டும் அளந்துட்டு நான் முழுச் சட்டையும் தைச்சா விடுவீங்களா?"

அவர் சோதனைப் பெட்டியையும் ஏட்டையும் எடுத்துக்கொண்டு கூடவே நடந்தார்.

வீட்டில் கணவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். மஞ்சள் அண்ணன் தண்ணீர் பிடித்தார், சொட்டு விட்டார், குலுக்கினார். நிறமே வரவில்லை. மறுபடி பிடித்தார். அப்போதும் வெறும் தண்ணீர்தான்.

"இவ்வளவு தூரம் வர்றதுக்குள்ள மருந்தோட வீரியமே போயிடுது," என்றார். "மூணு வருஷமா எனக்குத் தெரியலையே, தாயி."

தெருக்கோடி வால்வைத் திறந்துவிட்டார். குழாயில் தேங்கியிருந்த பழுப்புத் தண்ணீர் கால்மணி நேரம் ஓடியது. பிறகு வாசற்படியில் உட்கார்ந்து ஏட்டைப் பிரித்தார். பேனா தயங்கியது.

"எழுதுங்கண்ணே."

எழுதினார். கடைசி வீடு. பூஜ்யம்.

"சரியாகுற வரைக்கும் எல்லாத்துக்கும் கொதிச்ச தண்ணிதான்னு தெரு முழுக்கச் சொல்லிடுறேன். நாளைலேருந்து முதல்ல இங்கதான் வருவேன்."

"டீயும் இங்கயே குடிங்க. நல்லா கொதிக்க வச்சுத் தர்றேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அந்தப் பூஜ்யத்தை இன்னொரு முறை பார்த்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

கணவன் குழந்தையின் பாட்டிலை எடுத்துக்கொண்டு உள்ளே போய், அதை அலச அடுப்பில் தண்ணீர் வைத்தான்.