பதினேழு பேரைச் சேர்த்து எண்ணினால்

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கோயிலில் கூட்டம். பிற்பகல் மூன்று மணிக்குத் துறைமுகக் கதவைப் பூட்டிவிடுவார்கள். இரவில் சூறாவளி கரையேறும். இடையில் இருக்கும் ஐந்து மணி நேரத்துக்குள் பதினேழு பேரைப் படகுகளிலிருந்து இறக்கியாக வேண்டும்.

பதினேழு பேரும் ஜாவாக்காரர்கள், முஸ்லிம்கள். எங்கள் ஊர்ப் படகுகளில் கூலிக்கு மீன் பிடிக்கிறவர்கள். துறைமுக வேலியை அவர்கள் தாண்டக் கூடாது என்பது ஒப்பந்தம். அதனால் உண்பதும் உறங்குவதும் படகில்தான். போன வருடச் சூறாவளிக்கு வேலிக்குள் இருந்த பழைய வலைக்கிடங்கில் படுத்தார்கள். இந்த வருடம் அதை இடித்தாயிற்று. மீன் ஏலக் கூடத்துக்குச் சுவர் கிடையாது. மிச்சம் இருப்பது கடலம்மா கோயிலும் அதன் பின்னால் இருக்கும் யாத்ரீகர் கூடமும். நாற்பது பேர் படுக்கலாம், ஆவணியில் ஒருவரும் வருவதில்லை. கோயில் கமிட்டி ஒரு கடிதம் கொடுத்தால் இறக்கிவிடுவதாகக் கடலோரக் காவலரும் சொல்லியிருந்தார்.

என்னிடம் வந்து கேட்டவன் தர்மீடி. வலை இழுக்கும் எந்திரத்தில் சிக்கி அவன் இடது கால் முறிந்திருந்தது. தொடை வரை மாவுக்கட்டு. மருத்துவமனையில் அவனுக்காகப் பேசியவன் நான்தான். அன்றிலிருந்து என்னை 'பாக் குரு' என்பான், வாத்தியார் ஐயா என்று அர்த்தம்.

"கயிறு அறுந்தா மத்தவங்க ஒரு படகுலேருந்து இன்னொரு படகுக்குத் தாவிடுவாங்க, பாக் குரு. நான் இந்தக் காலோட தாவ முடியாது" என்றான். கெஞ்சவில்லை. தகவல் சொல்வது போலச் சொன்னான்.

நான் வாரத்தில் மூன்று நாள் தைபெய் போய் ஒரு கல்லூரியில் அரசியல் தத்துவம் நடத்துகிறேன். நல்லவர்கள் ஆள வேண்டுமா, எல்லோரும் ஆள வேண்டுமா என்பதிலேயே பருவத்தின் பெரும்பகுதி போய்விடும். நம் எல்லைக்கு வெளியே இருப்பவர்களுக்கு நாம் என்ன கடமைப்பட்டிருக்கிறோம் என்பது கடைசி இரண்டு வாரப் பாடம். பெரும்பாலும் நேரம் போதாமல் விட்டுப்போகும்.

கூட்டத்துக்கு முப்பத்தேழு பேர் வந்திருந்தார்கள், நானும் என் மனைவி மெய்-லுவானும் சேர்த்து. கமிட்டித் தலைவர் சாய் இரண்டு படகுகளுக்குச் சொந்தக்காரர். அவர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு அம்மன் முன்னால் இருந்த பிறைக்கட்டைகளைக் கையில் எடுத்தார். சிவப்புச் சாயம் பூசிய இரண்டு மரக்கட்டைகள். தரையில் போட்டால் ஒன்று நிமிர்ந்தும் ஒன்று கவிழ்ந்தும் விழ வேண்டும், அதுவும் விடாமல் மூன்று முறை. அப்படி விழுந்தால் அம்மாவின் சம்மதம். இங்கே எல்லாம் அப்படித்தான் முடிவாகும். சாய் தலைவரானதும் அப்படித்தான்.

நான் எழுந்து நின்றேன். மூன்று முறையும் சரியாக விழ எட்டில் ஒரு வாய்ப்புதான் என்று மனம் கணக்குப் போட்டிருந்தது. ஓர் உயிரை எட்டில் ஒன்றின் மேல் வைக்க எனக்குத் துணிவில்லை.

"அண்ணே, இது நம்ம முடிவு. அம்மா தலையில ஏன் போடணும்? பேசுவோம். ஓட்டுப் போடுவோம்."

"ஆரம்பிச்சுட்டாருய்யா கிளாஸ்! மணி அடிச்சா விடுவீங்களா வாத்தியாரே?" என்றான் ஐஸ் கடை ஆ-லியாங். எல்லோரும் சிரித்தார்கள்.

பேசினார்கள். ஏழாம் மாதம் பதினைந்தாம் நாள் ஆவிகளுக்குப் பன்றிப் படையல் இருக்கிறது, பன்றி தின்னாதவர்கள் அங்கே படுத்தால் யாருக்குச் சங்கடம் என்றார் ஒருவர். பாவம், அதுகளும் மனுசங்கதானே என்றாள் ஒரு கிழவி. படகு முதலாளிகள் எதிரே இருக்கும்போது வாய் திறக்கப் பலர் தயங்குவதைக் கவனித்தேன். உடனே சொன்னேன்: "கை தூக்க வேணாம். சீட்டுல எழுதிப் போடுவோம். யாரு எதுக்குப் போட்டாங்கன்னு யாருக்கும் தெரிய வேணாம்."

அதைச் சொன்னபோது எனக்குள் சிறிய பெருமை இருந்தது. மறைக்க விரும்பவில்லை. முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, இருபத்தைந்து சம்மதமாவது தேறும் என்று நினைத்தேன். அத்தனை பேரும் நல்லவர்கள். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

சம்மதம் பதினொன்று. வேண்டாம் இருபத்தாறு.

சாய் சீட்டுகளை இரண்டாம் முறை எண்ணினார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் வெற்றி இல்லை. ஒருவேளை அவரும் வேறு முடிவை எதிர்பார்த்திருக்கலாம்.

"அண்ணே, இப்பக் கட்டையப் போடுங்க. அம்மாவையே கேட்டுடலாம்" என்றேன்.

"அம்மா வேணாம்னு சொன்னா, திரும்பக் கேப்போமா?"

"கேக்க மாட்டோம்."

"ஜனங்க சொன்னதுக்கு மட்டும் அப்பீலா? நீ கேட்ட மாதிரிதானப்பா நடந்துச்சு."

வெளியே காற்று இன்னும் வரவில்லை. கடல் மட்டும் நிறம் மாறியிருந்தது. மெய்-லுவான் என்னோடு நடந்து வந்தாள். பிறந்த நாளைக்கு இந்தப் பையன்களுக்கு நூடுல்ஸ் செய்து அனுப்புகிறவள் அவள். பன்றிக் கொழுப்பு படாத சட்டி ஒன்றை அவர்களுக்கென்றே தனியாக வைத்திருக்கிறாள். துறைமுகக் கதவருகில் நின்றாள்.

"நானும் வேணாம்னுதான் போட்டேன்."

கதவின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"பயமா இருந்துச்சு. ஏன்னு கேக்காதீங்க, எனக்கே தெரியல. கை தூக்கச் சொல்லியிருந்தா தூக்கியிருப்பேன். அம்மா பாக்குறா, நீங்க பாக்குறீங்க... தூக்கியிருப்பேன். யாருக்கும் தெரியாதுன்னு நீங்கதான சொன்னீங்க."

பிறகு அவள் வீட்டுப் பக்கம் போனாள். நான் படகுக்குப் போனேன்.

தர்மீடி பையைக் கட்டி மடியில் வைத்திருந்தான். மாவுக்கட்டு நனையாமல் இருக்க அதன் மேல் உரச்சாக்கைச் சுற்றியிருந்தான். மற்றவர்கள் கயிறுகளை இரட்டையாகக் கட்டுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். பார்த்ததுமே புரிந்துகொண்டார்கள்.

"எவ்வளவு?" என்று கேட்டான் தர்மீடி.

"பதினொண்ணு. எதிரா இருபத்தாறு."

அவன் வாய்க்குள் எதையோ முணுமுணுத்தான். பிரார்த்தனை என்று நினைத்தேன். கூட்டல்.

"எங்க பதினேழையும் சேத்தா இருபத்தெட்டு வருதே, பாக் குரு."

நான் அவன் பக்கத்தில் படகின் பலகையில் உட்கார்ந்தேன். ஒரு முடிவு யாரைச் சுடுமோ அவர்களுக்கும் அதில் குரல் உண்டா இல்லையா என்பதுதான் நான் விட்டுவிடுகிற அந்தக் கடைசி இரண்டு வாரப் பாடம். காலையில் எல்லா முகங்களையும் எண்ணியிருந்தேன். இவர்களை எண்ணும் நினைப்பே வரவில்லை. எதிர்ப்பு வரும் என்று பயந்து விட்டிருந்தால்கூட ஏதோ ஒரு காரணம் இருந்திருக்கும். எனக்குத் தோன்றவே இல்லை.

"நான் தப்புப் பண்ணிட்டேன்."

"விடுங்க. ஓட்டுன்னா ஊர்க்காரங்களுக்குத்தான்" என்று என்னையே தேற்றினான்.

அவனைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்று அவன் சித்தப்பா மகன் கார்யோவிடம் சொன்னேன். இருவருமாகக் கைத்தாங்கலாகக் கதவு வரை கொண்டுவந்தோம். காவலர் சின்னப் பையன், என் மாணவர்களின் வயது. "கோயில் கடிதம் இருக்கா சார்?" என்றான். கால் உடைந்தவன் என்றேன். "தெரியுது சார். கடிதம் இல்லாம விட்டா என் வேலை போயிடும்" என்றான். கண் கலங்கியிருந்தது. ஆனாலும் பட்டியலைப் பார்த்துப் பதினேழு பேரையும் எண்ணிப் படகில் ஏற்றினான். நானும் ஏறினேன். "உங்க பேரு லிஸ்ட்ல இல்ல, இறங்குங்க" என்றான். இறங்கவில்லை. தர்மீடிதான் என் தோளைத் தொட்டான்.

"இறங்குங்க, பாக் குரு. உங்களையும் யாராவது தூக்கணும்னா, அதுக்கு ஆளு இல்ல."

இறங்கினேன். மூன்று மணிக்குக் கதவைப் பூட்டினார்கள்.

கோயிலுக்கு ஓடினேன். பூட்டியிருந்தது. சாயின் வீட்டுக்கு ஓடினேன். வாசலில் மணல் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தவர் என் கூட்டலைக் கடைசி வரை கேட்டார்.

"காலையில ஏன் சொல்லல?"

"தோணல."

அவர் இன்னொரு மூட்டையைத் தூக்கி வைத்தார். "எனக்கும் தோணலப்பா" என்றார்.

விடியும்போது தர்மீடி இருந்த நடுப் படகின் கயிறுகள் அறுந்திருந்தன. அதில் இருந்த மற்றவர்கள் பக்கத்துப் படகுக்குத் தாவிவிட்டார்கள். பதினாறு பேர் கரைக்கு வந்தார்கள். தர்மீடியின் உடல் கிடைக்கவில்லை.

பத்து நாள் கழித்து மறுபடியும் கூட்டம். ஏழாம் மாதம், ஆதரவற்ற ஆவிகளுக்குச் சோறு வைக்கும் நாள் நெருங்கியிருந்தது. கடலில் போனவர்களுக்கு எங்கள் துறைமுகம் ஒரு வருடமும் படையலைத் தவறவிட்டதில்லை. தர்மீடிக்கும் ஒரு கிண்ணம் வைக்க வேண்டும், அவன் பங்குக்குப் பன்றி இல்லாமல் தனியாகச் சமைக்க வேண்டும் என்று ஆ-லியாங்தான் எழுந்து சொன்னான். சொல்லும்போது அழுதான். அதில் நடிப்பில்லை.

"கை தூக்குங்க" என்றார் சாய்.

எல்லாக் கைகளும் எழுந்தன. மெய்-லுவானுடையது முதலில். என்னுடையதும்.

"வேலிக்கு அந்தப் பக்கம் நிக்கிற பதினாறு பேரையும் கேக்கணும்" என்றேன்.

"எதுக்கு வாத்தியாரே? அதான் எல்லாருமே தூக்கியாச்சே!" என்றான் ஆ-லியாங். கேலியாக இல்லை, உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டான்.

நான் வெளியே வந்தபோது கார்யோ துறைமுக வேலியின் அந்தப் பக்கம் சாய்ந்து நின்றிருந்தான்.

"இன்னிக்கு என்ன ஓட்டு, பாக் குரு?"

"தர்மீடிக்குச் சோறு வைக்கலாமான்னு."

"என்ன சொன்னாங்க?"

"வைக்கலாம்னு. ஒருத்தர்கூட எதிர்க்கல."

அவன் யாத்ரீகர் கூடத்தைப் பார்த்தான். படையலுக்காக அதைத் திறந்து, கழுவி, காற்றாட விட்டிருந்தார்கள்.

"எங்க வழக்கத்துல செத்தவங்களுக்குச் சோறு வைக்கிறது இல்ல" என்றான். "கேட்டிருந்தா சொல்லியிருப்போம்."