மச்சான் சாய வேண்டும்

அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் ஒன்று இருந்தது. அதை அஞ்சல்காரர் மட்டுமே பயன்படுத்தினார். மற்ற எல்லோருக்கும் அவர் முட்டு மாமா. வயது ஐம்பத்திரண்டு, உயரம் நடுத்தரம், முதுகு மட்டும் சற்றே அகலம். செவ்வாய், வியாழன், சனி ஆகிய மூன்று நாள்களிலும் காலை ஏழு மணிக்கெல்லாம் குளித்து, முதுகில் தையல் துருத்தாத பருத்திச் சட்டை ஒன்றை அணிந்து, தேர்வு எழுதச் செல்லும் மாணவரைப் போல் ஒரு முறைக்கு இரு முறை கழிவறைக்குப் போய்வந்து, சலவை அறையில் துணி உலர்த்தும் இயந்திரத்தின் முன் தரையில் அமர்வார். அதன் வட்டக் கதவில் முதுகைச் சாய்த்து, எதிர்ச்சுவரில் பாதங்களை ஊன்றி, ஐம்பது நிமிடம் அசையாதிருப்பார். தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்து அடக்கிக்கொள்வார். தும்மினால் முதுகு கதவை விட்டு விலகிவிடும் அன்றோ?

அது அவருடைய அக்காவின் வீடு. ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு கைப்பையோடு இரண்டு நாள் தங்கிப் போக வந்தவர் அவர். வந்த அன்று மாலையே அந்த இயந்திரம் ஓட மறுத்தது. அக்கா பொத்தானை அழுத்தினாள், அத்தான் அழுத்தினார், அவர்களுடைய மகள் தட்டிப் பார்த்தாள். பயணக் களைப்பில் இருந்த தம்பி, உட்கார வேறிடம் இல்லாமல், அங்கேயே சாய்ந்து அமர்ந்தார். அக்கா மறுபடி பொத்தானை அழுத்த, இயந்திரம் ஓடத் தொடங்கிற்று.

அத்தான் ஓர் அலுவலகத்தின் ஆவணப் பிரிவில் மேலாளர். எதையும் விதியாக எழுதி ஒட்டாவிட்டால் அவருக்கு உறக்கம் வராது. மறுநாளே ஒரு தாளில் எட்டு விதிகளைத் தட்டச்சு செய்து, கண்ணாடித்தாள் உறையிட்டு, சலவை அறைச் சுவரில் ஒட்டினார். முதல் விதி, சட்டைப் பைகளைச் சோதிக்க வேண்டும். நான்காம் விதி, கதவை மூட வேண்டும். ஐந்தாம் விதி, மச்சான் சாய வேண்டும். ஆறாம் விதி, பொத்தானை அழுத்த வேண்டும். அந்த வீட்டில் எந்த விதியையும் யாரும் தாண்டியதில்லை. ஆகவே, ஐந்தைத் தாண்டி ஆறுக்குப் போனால் என்ன ஆகும் என்று பார்த்தவரும் இல்லை.

அன்றிலிருந்து, "எப்பக் கிளம்பறே?" என்று முட்டு மாமாவை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டுவிடுவார்களோ என்னும் அச்சம் மட்டும் அவரை விட்டு அகலவே இல்லை. மனைவி இறந்து, வாடகை வீட்டையும் காலி செய்துவிட்டு வந்தவர். திரும்பிப் போக அவருக்கு ஓர் இடமும் இல்லை. இயந்திரம் தம்மை நம்பியிருக்கும் வரையில் தமக்கும் இங்கே ஓர் இடம் உண்டு என்பது அவர் கணக்கு. அக்கம்பக்கத்திலும் பெயர் பரவிற்று. "எங்க டிரையரும் மக்கர் பண்ணுது, உங்க தம்பியை அரை மணி நேரம் அனுப்பி வைங்களேன்" என்று எதிர் வீட்டு அம்மாள் ஒருமுறை வந்து கேட்டாள். அவரும் போய்ச் சாய்ந்தார், பலனில்லை. "அதுக்கும் எனக்கும் பழக்கம் பத்தாதும்மா" என்று சொல்லிவிட்டு, பெருமை குன்றாமல் வீடு திரும்பினார்.

அப்படியிருக்க, மழை ஓயாத ஒரு சனிக்கிழமை, ஐம்பது நிமிடம் ஓடி முடித்த இயந்திரத்திலிருந்து அக்கா துணிகளை எடுத்தாள். போட்ட ஈரம் போட்டபடியே இருந்தது. உருளை சுழன்றிருக்கிறது, சூடு மட்டும் வரவில்லை.

"தம்பி, சரியாத்தானே சாஞ்சே?"

"எப்பவும் போலத்தான் அக்கா."

அத்தான் தாளும் பேனாவுமாக வந்தார். வேறு வீடாக இருந்தால் இயந்திரத்தைச் சோதித்திருப்பார்கள். இவர்கள் முட்டு மாமாவைச் சோதித்தார்கள்.

"மச்சான், ராத்திரி தூங்குனீங்களா?"

"தூங்குனேன் அத்தான்."

"சட்டை புதுசா?"

"பழசுதான்."

"மனசுல ஏதாவது கவலை?"

முட்டு மாமா இயந்திரத்தைத் திரும்பிப் பார்த்தார். அத்தான் 'தெளிவில்லை' என்று எழுதிக்கொண்டார்.

எடை பார்க்கும் கருவியில் ஏற்றி நிறுத்தினார்கள். மூன்று கிலோ குறைந்திருந்தது. "இதான் விஷயம்! அழுத்தம் பத்தல!" என்று அத்தான் தொடையைத் தட்டினார். அக்காவின் முகம் வாடிவிட்டது. "ஒழுங்கா சாப்பிடுடான்னா கேட்டாத்தானே? கோழி கொறிக்கிற மாதிரி கொறிச்சுட்டு எழுந்துக்கறே" என்று கடிந்துகொண்டு, அன்று மதியம் இரண்டு ஆள் சோற்றை அவர் தட்டில் குவித்தாள். மகள் தன் கல்லூரிப் புத்தகங்களைப் பையில் அடைத்து அவர் மார்பில் தொங்கவிட்டாள். "மாமா, கொஞ்சம் இடது பக்கம் அழுத்துங்க. ம், இன்னும். மூச்சை வெளியே விடாதீங்க!" முட்டு மாமா முகம் சிவக்க முக்கினார். இயந்திரம் ஓர் அங்குலம் பின்னுக்கு நகர்ந்ததே தவிர, துணி குளிர்ந்தே கிடந்தது.

செவ்வாய்க்கிழமை வரை அவரை உண்பித்தார்கள். வீட்டில் நாற்காலி, கதவு, ஜன்னல், அத்தானின் மேசை விளக்கு என ஒன்றையும் விடாமல் ஈரத்துணி தொங்கிற்று. அத்தான் அலுவலகத்துக்கு ஈரக் காலுறையோடு போய்வந்து இருமத் தொடங்கிய பிறகே, அக்கா மெக்கானிக்கை அழைத்தாள்.

மெக்கானிக் நாற்பது வயதுப் பெண்மணி. ஒரு கையில் கருவிப் பெட்டி. காதில் செருகிய பென்சில். சலவை அறைக்குள் நுழைந்தவள், கதவில் சாய்ந்திருந்த முட்டு மாமாவைக் கண்டு நின்றாள்.

"சார், கொஞ்சம் எழுந்துக்கறீங்களா?"

"அவர் எழக் கூடாதும்மா. அவரும் சேர்ந்துதான் மெஷின்" என்றார் அத்தான்.

"அப்ப எதை நான் ரிப்பேர் பண்ணணும்? மெஷினையா, இவரையா?"

"இவரை நாங்க பார்த்துட்டோம். எடையெல்லாம் ஏத்திட்டோம்" என்றாள் அக்கா.

மெக்கானிக் சுவரிலிருந்த தாளைப் படித்தாள். ஐந்தாம் விதியில் விரல் வைத்து, மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மின்செருகியைப் பிடுங்கிவிட்டு, முட்டு மாமாவுக்குக் கைகொடுத்துத் தூக்கிவிட்டாள். ஆறு ஆண்டுகளில் முதன்முறையாக ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவர் முதுகில் காற்றுப் பட்டது.

இயந்திரத்தை முன்னுக்கு இழுத்ததும் அதன் பின்புறம் தெரிந்தது. சூடான ஈரக்காற்றை வெளியே கொண்டுபோகும் மடிப்புக் குழாய், சுவருக்கும் இயந்திரத்துக்கும் நடுவே நசுங்கித் தகடாகிக் கிடந்தது. மெக்கானிக் அதைக் கழற்றி உதறினாள். சாம்பல் நிறப் பஞ்சு, ஒரு சிறு தலையணைக்குத் தேறும் அளவுக்கு விழுந்தது. பின்தகட்டைத் திறந்து, கட்டைவிரல் அளவுள்ள ஒரு பொருளை எடுத்து, மின்சாரம் பாய்கிறதா என்று பார்க்க அதில் மீட்டரின் இரு முனைகளை வைத்தாள். முள் அசையவில்லை.

"ஃபியூஸ் போயிடுச்சு. காத்து போக வழியில்லாம உள்ளே சூடு ஏறிடுச்சு. தீப்பிடிக்காம இருக்கத்தான் இது தானாவே அறுந்துக்கும். நல்ல வேளை, அறுந்துச்சு."

"குழாய் எப்படி நசுங்கிச்சு?" என்று கேட்டாள் மகள்.

மெக்கானிக் தரையைக் காட்டினாள். இயந்திரத்தின் நான்கு கால்களும் சுவரை நோக்கி இழுத்துச் சென்ற நான்கு கோடுகள், தரை ஓடு தேய்ந்து ஒரு சாண் நீளத்துக்குத் தெரிந்தன.

"யாரோ வருஷக்கணக்கா முன்னாலிருந்து தள்ளியிருக்காங்க."

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். முட்டு மாமாவை ஒருவரும் பார்க்கவில்லை. அதுவே அவருக்குப் பார்த்ததைவிட மோசமாக இருந்தது.

அத்தான்தான் முதலில் தேறினார். "தப்பாச் சொல்றீங்கம்மா. இவர் சாயாம இருந்தா இது ஓடவே ஓடாது. முதல் நாள் நாங்க மூணு பேரும் கண்ணால பார்த்தோம்."

"முதல் நாள் கதவை நல்லா மூடியிருந்தீங்களா?"

"கதவுல ஒரு துண்டு சிக்கியிருந்துச்சு. தம்பி சாஞ்சதும் 'டக்'குனு மூடிக்கிச்சு" என்றாள் அக்கா.

சொல்லி முடித்த பிறகே தான் சொன்னது அவள் காதிலும் விழுந்தது.

"அதுக்கப்புறம் இவர் இல்லாம ஒருநாளாவது போட்டுப் பார்த்தீங்களா?"

"அதெப்படிம்மா? அஞ்சாவது விதி இருக்கே!" என்றார் அத்தான், உண்மையாகவே அதிர்ந்துபோய்.

மெக்கானிக் புதிய ஃபியூஸைப் பொருத்தினாள், பஞ்சை வழித்தெடுத்தாள், நசுங்காத உலோகக் குழாய் ஒன்றை மாட்டி, இயந்திரத்தைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்தினாள். ஈரத் துணிகளைப் போட்டு, கதவை ஒரு விரலால் மூடி, பொத்தானை அழுத்தினாள். இயந்திரம் ஓடிற்று. சிறிது நேரத்தில் கதவின் கண்ணாடி வெதுவெதுப்பாயிற்று. நால்வரும் அதைச் சுற்றி நின்றார்கள். முட்டு மாமாவுக்குத் தம்முடைய கைகளை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"இனிமே யாரும் இது மேல சாயாதீங்க" என்று சொல்லிவிட்டு மெக்கானிக் பெட்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

அத்தான் சுவரிலிருந்த தாளைப் பிரித்தெடுத்தார். ஐந்தாம் விதியின் மேல் பேனாவைக் கொண்டுபோனார். கொண்டுபோன கை அங்கேயே நின்றது. "வெந்நீர் மெஷின் கூட ஒரு மாதிரி ஆடுது இல்ல?" என்று மனைவியைப் பார்த்துக் கேட்டார்.

"ஆமாமா! ஃபிரிட்ஜ் கதவும் லூஸா இருக்கு. தம்பி அதுல கொஞ்சம் சாஞ்சான்னா..." என்று அக்கா ஆர்வத்தோடு பிடித்துக்கொண்டாள்.

"மாடிப்படிக் கைப்பிடி!" என்றாள் மகள்.

மூவரும் வீடு முழுவதையும் மனத்தால் துழாவி, ஆட்டம் கண்ட பொருள்களை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே போனார்கள். ஒரு புத்தக அலமாரியை அத்தான் நேரில் போய் ஆட்டிப் பார்த்தார். அது ஆடாதது கண்டு வருந்தி, ஆடாமலிருக்க அதன் அடியில் செருகியிருந்த மரச்சில்லை உருவப் பார்த்தார்.

முட்டு மாமா அவர்களை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். 'எப்பக் கிளம்பறே' என்னும் கேள்வியை எதிர்பார்த்து நின்றவர் அவர். அந்தக் கேள்வி வருவதாகத் தெரியவில்லை. அதை வரவிடாமல் தடுப்பதற்காக மூன்று பேர் ஓர் அலமாரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அத்தான், அந்தச் சில்லை விடுங்க" என்றார்.

"இல்ல மச்சான், ஒரு நிமிஷம், இது மட்டும் வந்துடுச்சுன்னா..."

"விடுங்க அத்தான். இனிமே நான் எதுலயும் சாயறதா இல்ல."

அக்கா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "அப்ப... போறியாடா?"

"போகல அக்கா" என்றார் அவர். "சும்மாவே இருக்கேன். இங்கேயே."