சத்தமே இல்லை என்ற வேங்கைகள்

1

மனிதகுலத்தின் வரலாறு முழுவதும், கூர்ந்து கேட்டால், சத்தத்துக்கும் மௌனத்துக்கும் இடையே ஓயாமல் நடந்துவரும் ஒரு மாபெரும் யுத்தம்தான்.

இந்த வாக்கியத்தைச் செங்கல்பட்டில் ஒரு மோட்டார் சைக்கிள் சர்வீஸ் சென்டரின் சோபாவில் உட்கார்ந்து, ஓசியில் கொடுத்த லெமன் டீயைக் குடித்துக்கொண்டே எழுதினேன். என் ஸ்கூட்டருக்கு ஆயில் மாற்றிக்கொண்டிருந்தார்கள். யுத்தத்தின் அடுத்த வாக்கியம் வருவதற்குள் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து வேறொன்று வந்தது.

கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை தொங்க, நாற்பதைத் தாண்டிய ஒருவர் உதட்டைக் குவித்து, "டிக்-டிக்-டிக்-டொக்" என்றார்.

எதிரே டை கட்டியிருந்தவர் கண்ணை மூடிக் கேட்டார். "டிக்-டிக்-டொக்கா சார், இல்ல டக்-டக்-டிக்கா?"

"மூணு டிக். அப்புறம் ஒரு டொக்."

"டொக் கொஞ்சம் இழுத்து வருமா சார்?"

"இழுக்காதுங்க. தலையில குட்டுற மாதிரி வரும்."

டைக்காரர் தானும் ஒருமுறை செய்து காட்டினார். இவர் "இன்னும் கொஞ்சம் அழுத்தமா" என்று திருத்தினார். படித்து, பட்டம் வாங்கி, வருமான வரி கட்டும் இரண்டு பெரிய மனிதர்கள் பட்டப்பகலில் மாறி மாறி டொக் போட்டுக்கொண்டிருந்தார்கள். யுத்தத்தை அங்கேயே கிடத்திவிட்டு இந்தக் கதையைப் பிடித்துக்கொண்டேன். இதுதான் இதன் பூர்வீகம். பார்த்தது இவ்வளவுதான், மற்றதெல்லாம் நானாகச் சேர்த்தது.

2

அவருக்குப் பரணிதரன் என்று பெயர் வைத்தேன். பெயர் வைத்ததும் ஒரு கம்பீரமான தொடக்கம் கேட்டது.

முதல் முயற்சி: "பரணிதரன் தன் இரும்புக் குதிரையின் மீதேறி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் உதிக்கும் சூரியனை நோக்கிச் சீறி—"

[நிறுத்திவிட்டேன். அந்தச் சாலை வடக்கு தெற்காகப் போகிறது. உதிக்கும் சூரியனை நோக்கிச் சீறினால் கடலில்தான் விழ வேண்டும்.]

இரண்டாவது முயற்சி: "சுதந்திரம் என்பது இரண்டு சக்கரங்களின்—"

[இதுவும் வேண்டாம். ஷோரூம் பேனரில் இருக்கிறது.]

மூன்றாவது முயற்சி, மூச்சைப் பிடிக்காமல்:

பரணிதரனுக்குச் சிறுசேரியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. உலகத்தின் பல மூலைகளிலிருந்து வாடிக்கையாளர்கள் அனுப்பும் புகார்களைப் படித்து, "எங்கள் பக்கத்தில் இப்பிரச்சினை தென்படவில்லை" என்று எழுதி, புகாரை மூடுவார். வேகமாக மூடுவதற்காக அவருக்கு ஒரு கேடயம்கூடக் கொடுத்திருக்கிறார்கள். செங்கல்பட்டு வீட்டிலிருந்து திருப்போரூர் வழியாகக் கம்பெனி பஸ்ஸில் போய்வருவார். பஸ்ஸில் தூங்கிய நேரம் போக மீதி நேரத்தில் பயண வீடியோ பார்ப்பார். அவற்றில் தாடி வைத்த ஆண்கள் பைக்கை மலை உச்சியில் நிறுத்திவிட்டு டீ குடிப்பார்கள். பார்த்துப் பார்த்துப் பரணிதரனும் முதலில் தாடி வைத்தார். பிறகு வண்டி வாங்கினார்.

நீண்ட பயணத்துக்கென்றே செய்த வண்டி. பக்கவாட்டில் பெட்டி மாட்டக் கம்பிகள், நெஞ்சுயரக் காற்றுத் தடுப்பு, பனிமூட்ட விளக்குகள்.* திருப்போரூர் முருகன் கோயில் வாசலில் பூஜை போட்டு, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி, ஊர் திரும்பும்போது முதல் டிக் கேட்டது.

(* செங்கல்பட்டில் பனிமூட்டம் என்பது யாராவது குப்பையைக் கொளுத்தினால்தான் உண்டு.)

3

இப்போது அவர் மனைவி கீர்த்தனா வர வேண்டும். "உங்களுக்கு இந்த வயசுல இது தேவையா என்று சலித்துக்கொண்டே தோசையைத் திருப்பிய கீர்த்தனா" என்று எழுதி, உடனே வெட்கப்பட்டு அடித்தேன். பைக் கதையில் மனைவி என்றாலே எழுதுகிற கைக்கு ஏன் தோசைக்கல் ஞாபகம் வருகிறதோ, தெரியவில்லை.

உண்மையில் பயணத்துக்கு முதலில் நாள் குறித்தவளே கீர்த்தனாதான். கல்யாணமான நாளிலிருந்து இரண்டு பேரும் சேர்ந்து போனதெல்லாம் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம், காதுகுத்து, துக்கம். இந்தப் பொங்கல் விடுமுறைக்கு வால்பாறை; இருவர் மட்டும்; வண்டியில். அவளே அறை தேடினாள், அவளே ஸ்வெட்டர் எடுத்து வெயிலில் போட்டாள். பரணிதரனுக்கு வண்டி வாங்கிய சந்தோஷத்தைவிட இது பெரிய சந்தோஷம். வெளியே சொல்லவில்லை, தாடி வைத்தவர்கள் சொல்வதில்லை.

ஒத்திகையாக மதுராந்தகம் வரை பின்னால் உட்கார்ந்து போனாள். படாளம் தாண்டும்போது தோளைத் தட்டினாள்.

"ஏங்க, கிரைண்டர்ல கல்லு சிக்கிக்கிட்ட மாதிரி ஒரு சத்தம் வருதே?"

"அது வண்டியோட நேச்சர்மா."

"யாரு சொன்னா?"

"சர்வீஸ்ல சொன்னாங்க."

"ஏங்க, ஹெட்லைட்டுக்குள்ள தண்ணி ஆடுது, அதுவும் நேச்சரா? நியூட்ரல் லைட்டு எரியிறப்ப வண்டி குதிக்குதே, அதுவும்?"

"அது போகப் போக செட் ஆயிடும்னாங்க."

"அப்ப செட் ஆவட்டும். டொக்கு போனாத்தான் நான் ஏறுவேன். மலை ஏத்தத்துல நின்னுச்சின்னா நீங்க வீடியோ எடுப்பீங்க. நான்தான் தள்ளணும்."

நியாயம். ஆகவே டொக் போக வேண்டும். போகாவிட்டால் கீர்த்தனா வரமாட்டாள். கதையில் பணயம் என்ன என்று விமர்சகர்கள் கேட்பார்கள், இதுதான்.

4

சர்வீஸ் சென்டரின் டைக்காரருக்குத் தீனதயாளன் என்று பெயர். (முதலில் அவரை வில்லனாக்கப் பார்த்தேன். முகம் ஒத்துழைக்கவில்லை; யார் திட்டினாலும் "கரெக்ட் சார்" என்கிற முகம்.)

தீனதயாளன் பின்னால் உட்கார, பரணிதரன் ஓட்ட, சத்தம் பிடிக்கப் போனார்கள். சர்வீஸ் சென்டர் வாசலைத் தாண்டியதும் சத்தம் நின்றுவிட்டது, ஆஸ்பத்திரி வாசலில் காய்ச்சல் இறங்கிவிடும் குழந்தை மாதிரி. ஏரிக்கரை வரை போய்வந்தார்கள். வண்டி பூனை மாதிரி போனது. பரணிதரன் உள்ளுக்குள் கெஞ்சினார்: ஒரு டொக், ஒரே ஒரு டொக். கொடுக்கவில்லை.

திரும்பி வந்ததும் தீனதயாளன் கணினியில் தட்டினார்: "பிரச்சினை தென்படவில்லை. வாடிக்கையாளருக்கு விளக்கம் அளிக்கப்பட்டது."

எட்டிப் பார்த்த பரணிதரன் திரையை இரண்டாவது முறை படித்தார். இந்த நடை அவருக்குத் தெரியும். இதில் அவர் கேடயம் வாங்கியவர்.

"தம்பி, நான் பொய் சொல்லலங்க."

"கரெக்ட் சார். ஆனா இந்த மாடல்ல உங்களைத் தவிர யாருமே சொல்லல. உங்க கிளப்லயே இத்தனை வண்டி இருக்கு. இன்னொருத்தர், ஒரே ஒருத்தர் வந்து இதே சத்தம்னு சொல்லட்டும் சார். நானே கம்பெனிக்கு எழுதி, இன்ஜினைப் பிரிக்க பர்மிஷன் வாங்கித் தரேன்."

இன்னொருவர். உலகத்திலேயே எளிய காரியம் என்று நினைத்துக்கொண்டு பரணிதரன் வெளியே வந்தார். வாசலைத் தாண்டியதும் வண்டி ஆரம்பித்தது: டிக்-டிக்-டிக்-டொக்.

5

அந்தக் கிளப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர், 'நெடுஞ்சாலை வேங்கைகள்'. ஜாக்கெட்டின் முதுகில் வேங்கையின் படம் உண்டு. தைத்தவர் எந்த வேங்கையையும் பார்த்திராததால் அஜீரணம் வந்த பூனைபோல் இருக்கும். ஞாயிறு காலையில் செங்கல்பட்டிலிருந்து கிளம்பி, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போய், பொங்கல் வடை சாப்பிட்டுத் திரும்புவார்கள். இதை 'எக்ஸ்பெடிஷன்' என்பார்கள்.

கேப்டன் செங்கல்வராயன். படாளத்தில் விவசாயக் குடும்பம். இப்போது திருப்போரூர் பக்கம் மனை விற்கிறார். அவர் இந்த வண்டியை வாங்கியதைப் பார்த்துத்தான் மற்ற வேங்கைகளும் வாங்கின. கிளப்பில் எழுதாத சட்டம் ஒன்று: வண்டியைப் பற்றிக் குறை பேசக் கூடாது. யாராவது வாயெடுத்தால் கேப்டன், "பேஜாரு பேச்சு வேணாம் மச்சான்" என்பார். முடிந்தது.

அந்த ஞாயிறு, சாப்பாட்டுக்குப் பிறகு, பரணிதரன் அவரிடம் நைஸாகப் போனார்.

"கேப்டன், ஒரு ரவுண்டு வண்டியை மாத்தி ஓட்டிப் பாப்பமா?"

"இன்னாத்துக்கு சார்?"

"சும்மா, ஒரு ஃபீலுக்கு."

ஃபீல் என்றால் வேங்கைகள் மறுக்க முடியாது. சாவிகள் கைமாறின. பரணிதரன் திட்டம் எளிமையானது: கேப்டன் என் வண்டியில் டொக்கைக் கேட்பார், சாட்சி சொல்வார், இன்ஜின் பிரியும், வால்பாறை நிச்சயம்.

[இந்த இடத்தில் கடலைப் பற்றி ஒரு பத்தி எழுதினேன். அலைகளுக்கு யுகம் யுகமாக ஏதோ தெரியும் என்று போனது. எடுத்துவிட்டேன். அலைகளுக்கு ஒன்றும் தெரியாது.]

கேப்டனின் வண்டியில் ஏறி மூன்றாவது கியர் போட்டதும் பரணிதரன் கேட்டார். டிக். டிக். டிக். டொக்.

அதே டொக், தலையில் குட்டுகிற மாதிரி. அவருக்கு அழலாமா சிரிக்கலாமா என்று தெரியவில்லை. சந்தோஷம்தான் முதலில் வந்தது: நான் மட்டும் இல்லை! தேவனேரி வரை ஆசை தீரக் கேட்டுக்கொண்டே போய்த் திரும்பினார். கேப்டனும் திரும்பியிருந்தார்.

"இன்னா சார், எப்டி கீது நம்ம வண்டி?"

பரணிதரன் வாயைத் திறந்தார். வந்தது வேறு. "சூப்பர் கேப்டன். என்னுது?"

"வெண்ணெய் மாதிரி போவுது சார்."

சொல்லிக்கொண்டே கேப்டன் ஹெல்மெட்டைக் கழற்றினார். இரண்டு காதிலும் பஞ்சு.

பரணிதரன் பஞ்சையே பார்த்தார். கேப்டன் பரணிதரன் பார்ப்பதைப் பார்த்தார்.

"சளி சார். கடக்காத்து ஒத்துக்காது."

"கேப்டன், உங்க வண்டியிலயும் வருது."

"இன்னா வருது?"

"டிக்-டிக்-டிக்…"

"டொக்," என்றார் கேப்டன், தன்னை மறந்து. உடனே சுற்றுமுற்றும் பார்த்து, பரணிதரன் தோளில் கை போட்டு ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். "அண்ணாத்த, மெதுவா பேசு. கடைல எல்லாம் நம்ம ஆளுங்கோ குந்திகினு கீறாங்க."

"ஷோரூம்ல நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும் கேப்டன். ரெண்டு வண்டியும் சரியாயிடும்."

"நைனா, யோசிச்சுப் பாரு. இத்தினி பேரும் என் வாய்ப் பேச்ச நம்பி வாங்கிக்கிறான். இப்ப நானே போயி சத்தம் வருதுன்னா, அவன் அவன் வூட்டுல பொஞ்சாதி கைல இன்னா வாங்குவான்? அப்பால எவன் என் பின்னாடி வருவான்? எவன் என்கிட்ட மனை வாங்குவான்?"

"எனக்கும் வீட்டுல பிரச்சினை கேப்டன். இது போகலைன்னா கீர்த்தனா வால்பாறைக்கு வரமாட்டா."

கேப்டன் புரிந்ததுபோல் தலையாட்டினார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து, முழு மனதோடு நீட்டினார். உள்ளே புதுப் பஞ்சு.

"தங்கச்சிக்கும் சேத்து எத்துக்க."

6

முடிக்க வேண்டிய இடம் வந்துவிட்டது. அதற்குள் தீனதயாளன் வேறு ஃபோனும் பேனருமாக மாமல்லபுரத்துக்கே வந்து இறங்கிவிட்டார். ஷோரூம் விளம்பரத்துக்கு ஒவ்வொரு வேங்கையும் கேமராவைப் பார்த்து வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கேப்டன் முதலில் நின்றார்: "சத்தமே கெடையாது. பின்னாடி கொயந்தை தூங்கும்." கைதட்டல். அடுத்தது பரணிதரன். "சொல்லுங்க சார்" என்றார் தீனதயாளன். அவர் கண் மட்டும், இன்னொருத்தர் கிடைத்தாரா என்று கேட்டது.

முடிவு அ: பரணிதரன் உண்மையைப் போட்டு உடைக்கிறார். ஒரு கணம் நிசப்தம். பிறகு வேங்கைகள் ஒவ்வொருவராகக் காதிலிருந்து பஞ்சை எடுத்து வீசுகிறார்கள். மாமல்லபுரமே பஞ்சாகப் பறக்கிறது. எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. ஆனால் செங்கல்பட்டு மாவட்டத்தில் வயிறு முட்டப் பொங்கல் சாப்பிட்ட பிறகு யாரும் புரட்சி செய்ததாகக் கேள்விப்பட்டதில்லை.

முடிவு ஆ: "வெண்ணெய் மாதிரி" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகிறார். அவர் போய்ச் சேருவதற்குள் வீடியோ கீர்த்தனாவின் ஃபோனுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. இதற்கு மேல் எழுத எனக்குத் தைரியமில்லை.

முடிவு இ: ஓர் இலக்கிய நண்பர் கொடுத்தது. "சத்தம் வண்டியில் இல்லை, அவர் அகத்தில் இருக்கிறது." அகத்துக்கு வாரண்டி உண்டா என்று கேட்டேன். அதன் பிறகு அவர் என் ஃபோனை எடுப்பதில்லை.

மூன்றும் எனக்குப் பிடிக்கவில்லை. ஆகவே பரணிதரனை அப்படியே நிறுத்துகிறேன்: முதுகுக்குப் பின்னால் கடல், முகத்துக்கு நேரே ஃபோன், வலது கையில் பஞ்சுப் பொட்டலம். வாயைத் திறந்து, "நம்ம வண்டியைப் பத்திச் சொல்லணும்னா…" என்று தொடங்கிவிட்டார். மீதியை நீங்கள் சொல்லிக்கொள்ளுங்கள். அவரை வீரராக்கினாலும் சரி, வேங்கையாகவே விட்டாலும் சரி, நான் மறுக்கப்போவதில்லை. நீங்கள் என்ன சொல்ல வைத்தாலும் கீழே இருப்பது மட்டும் மாறாது.

பொங்கல் விடுமுறையில் பரணிதரனும் கீர்த்தனாவும் வால்பாறை போய்வந்தார்கள். அரசுப் பேருந்தில் போனார்கள். பரணிதரன் ரைடிங் ஜாக்கெட்டும் முழங்கால் காப்பும் போட்டிருந்தார்.