நடுப்பகலில் மஃரிப்

நோன்புக் கஞ்சியை இறக்கி வைத்துவிட்டு எட்டிப் பார்த்தபோது என் கணவர் ஹம்தானி இன்னும் படித்துறையிலேயே உட்கார்ந்திருந்தார். கபுவாஸ் ஆற்றின் மேல் சூரியன் ஒரு சாண் உயரத்தில் நின்றது. போர்னியோவில், பூமத்திய ரேகையின் மேலேயே இருக்கும் எங்கள் பொந்தியானாக்கில் அது சாய்ந்து இறங்குவதில்லை. கிணற்றில் விட்ட வாளி மாதிரி நேராகப் போய்விடும். வருடம் முழுக்க ஏறக்குறைய ஒரே நேரத்தில். தெருப் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் அவருக்குக் கடிகாரம் பார்க்கும் பழக்கமே கிடையாது.

அந்த வருடம் நோன்பு ஜூனில் வந்தது. எங்கள் மகள் மர்தியா நார்வேயின் வடகோடியில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. முதல் நோன்பன்று கூப்பிட்டு, இங்கே சூரியன் மறையாதாம் என்றாள். இவர் சிரித்தார். "கொஞ்சம் பொறும்மா. விழாம எங்க போயிடும்?" என்றார். அவளுக்கும் அவருடைய பிடிவாதம்தான். நோன்பு திறக்காமல் பொறுத்தாள். சூரியன் கூரைகளின் மேல் பக்கவாட்டில் நடந்து, வடக்கே போய்த் தாழ்ந்து, அங்கிருந்தே மறுபடி ஏறத் தொடங்கியதாம். காலையில் ஒரு கிழவிக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோது மயங்கி விழுந்திருக்கிறாள். அந்தக் கிழவிதான் மணியடித்து ஆள் கூப்பிட்டாளாம்.

தேறியதும் மறுபடி பேசினாள்.

"பூமி ஒரு பக்கமா சாஞ்சு நிக்குது வாப்பா. இந்த மாசம் எங்க தல சூரியன் பக்கம் சாஞ்சிருக்கு. நீங்க பூமியோட இடுப்புல உக்காந்திருக்கீங்க, உங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

"சாஞ்சிருந்தா எங்க ஆத்துத் தண்ணி கொட்டாம இருக்குமா?"

"கேக்குற கேள்வியப் பாரு உம்மா."

மூவரும் சிரித்தோம். அப்புறம் அவள் குரல் தாழ்ந்தது. இப்படிப்பட்ட இடத்தில் வேறு ஊர் நேரத்தைப் பின்பற்றலாம் என்று அங்குள்ள பள்ளிவாசலில் சொன்னார்களாம். பலரும் மக்கா நேரத்தைப் பிடிக்கிறார்கள். அவளுக்கு எங்கள் ஊர் நேரம் வேண்டும். எங்களுக்குச் சூரியன் இறங்கும்போது அவளுக்கு நடுப்பகல்.

"சூரியன் மறஞ்சு நீங்க மஃரிப் பாங்கு சொன்னதும் நானும் நோன்பு திறக்கிறேன் வாப்பா. நீங்க சம்மதிச்சாத்தான். இல்லேன்னா இந்த வருஷம் விட்டுடுறேன். என்னால முடியல."

"நட்டநடு வெயில்ல வாயில போடுவியா?" என்று கேட்டுவிட்டு ஃபோனை என்னிடம் கொடுத்தார்.

இரண்டு நாள் அதைப் பற்றிப் பேசவில்லை. விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழுந்தால் பாதிச் சோறு தட்டிலேயே கிடந்தது. நானும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் பெரிய விஷயங்கள் மௌனத்தில்தான் வேகும். நான் மட்டும் என்ன, அவரைப் போலத்தான். பகல் நீளாத, இரவு குறையாத ஊரில் பிறந்தவர்கள். மார்க்கமும் சூரியனும் எங்களுக்கு என்றைக்கும் வேறு வேறாக இருந்ததில்லை. பாங்கு சொல்லும்போது, சூரியன் சொன்னதைத்தான் தன் வாயால் திருப்பிச் சொல்வதாக அவர் நினைத்திருக்க வேண்டும். ஆனால் பிள்ளை நோன்பை விடப்போகிறாள் என்பதும் அவருக்குப் பொறுக்கவில்லை. எனக்கும்தான்.

படித்துறைக்குப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். தண்ணீர் செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. சூரியன் தண்ணீரைத் தொடப் போகும் நேரத்தில், "புள்ள உங்க குரலைத்தாங்க கேக்குது. சூரியனக் கேக்கல" என்றேன்.

எழுந்து, சட்டையை உதறி, கையை நீட்டினார். மகளை வீடியோவில் அழைத்து ஃபோனைக் கொடுத்தேன். பள்ளிக்குள் அதைக் கொண்டுபோகிறவர்களைத் திட்டுகிற மனிதர்.

பலகைப் பாதையில் பின்னாலேயே போய் ஜன்னலோரம் நின்றேன். உள்ளே பாங்குக்கு முந்தைய முரசு அடித்து ஓய்ந்தது. ஆறு கறுத்துக்கொண்டிருந்தது. அவர் முன்னால் சுவரில் சாய்த்து வைத்திருந்த ஃபோன் திரையில் மட்டும் பட்டப்பகல். முதியோர் இல்லத்தின் பின்புற பெஞ்சில், கண்ணைச் சுருக்கிக்கொண்டு, விரலிடுக்கில் ஒரு பேரீச்சம்பழத்தோடு மர்தியா. அவள் முகமெல்லாம் வெயில்.

அவர் அவளையே பார்த்தார். வலது கையைக் காதருகே கொண்டுபோனார். இடது கையைக் காதுக்கு உயர்த்தவில்லை. அதைக் குழித்து, திரையின் மேல் விளிம்பில், அவள் நெற்றிக்கு நேராக நிழல் பிடிப்பது போல் வைத்துக்கொண்டு, மூச்சை இழுத்தார்.