460-க்கு முதல் பூசை

ஃபாரஸ்ட் கேட் ரயில் பாலத்தடியில் இருக்கிற எங்கள் கராஜில் ஏழு வருடமாக ஒரே சண்டைதான். என்னோடு பங்குக்கு நிற்கிற கிருசாந்தன், செவ்ரோலட்டின் 454 எஞ்சின் கட்சி. நான் ஃபோர்டின் 460 கட்சி. இரண்டும் அந்தக் காலத்து அமெரிக்க ட்ரக்குகளின் இராட்சத எஞ்சின்கள்.

"இழுவையிலை 454-ஐ அடிக்க ஏலாது அண்ணை."

"இழுத்தென்ன? நாள் முழுக்கப் பாரத்தோடை ஓடினாலும் ஏமாத்தாதது 460தான்."

போன வெள்ளிக்கிழமை, நான் வாங்கிய பழைய 460 ட்ரக்குக்குப் பூசை. ஐயர் வந்துவிட்டார். "பத்தரைக்கு ராகுகாலம் அண்ணை, கெதியாய்!" என்று கிருசாந்தன் விரட்டினான். கார்புரேட்டருக்குப் பெட்ரோல் போகும் குழாயின் நட்டைக் கையால் மட்டும் திருகினேன். பிறகு ஸ்பானரால் இறுக்கலாம் என்று எஞ்சினுக்கு மேலுள்ள பொனற்றை மூடிவிட்டேன்.

நாலு சில்லுக்கும் கீழே, ட்ரக் நசுக்கிக்கொண்டு போகத் தேசிக்காய். என் மனைவி சாருஜா சாவியோடு உள்ளே இருந்தாள். ஐயர் ட்ரக்குக்கு முன்னால் தேங்காயில் கற்பூரம் கொளுத்தி, மணியைக் கிலுக்கினார்.

"ஸ்டார்ட் பண்ணுங்கோ பிள்ளை."

அப்போதுதான் அந்த நட்டு ஞாபகம் வந்தது. சாவியைத் திருப்பினால் பம்ப் பெட்ரோலைத் தள்ளும், நட்டு கழன்று பீச்சும். முன்னால் நெருப்பு, உள்ளே சாருஜா. ஆனாலும் ஒரு மூச்சு நேரம் வாயைத் திறக்காமல் நின்றேன்.

பிறகுதான், "சாவியைத் திருப்பாதை!" என்று கத்தினேன். மணிச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. எஞ்சின் ஒருதரம் இருமியது. நான் பாய்ந்து, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் பொத்தினேன்.

"ஐயோ, அபசகுனம்!" என்று ஐயர் பதறினார். சாருஜா பயந்துபோய்ச் சாவியை உருவினாள். முன்சில்லுத் தேசிக்காயின் மேல் பெட்ரோல் சொட்டத் தொடங்கியது.

கிருசாந்தன் பொனற்றைத் திறந்தான். நட்டு அவன் விரலோடு வந்தது. அவன் சிரிக்கவில்லை. "அவசரப்படுத்தினது நான்தான் அண்ணை," என்றான்.

சாருஜா என் கையைக் குழாய்த் தண்ணீரில் பிடித்தாள். "கத்த முதல் என்னைப் பாத்துக்கொண்டு சும்மா நிண்டனீங்கள். ஏன்?"

"பயந்திட்டன்."

அது பொய்யில்லை. எதற்குப் பயந்தேன் என்பதைத்தான் சொல்லவில்லை. நட்டு ஞாபகம் வந்த அந்த மூச்சில் என் கண்ணுக்கு முதலில் தெரிந்தது அவளல்ல, 460 ஏமாத்திப்போட்டுது என்று கிருசாந்தன் சிரிக்கப்போகும் முகம்.